பெயரோடு காரணத்தையும் எழுதுங்கள்

பழைய போர்ப் படங்களுக்குக் குறிப்பு எழுதும் நண்பர்களுக்கு,

நூலகத்தில் பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து அட்டவணை போடுகிறவர்கள், பத்திரிகை அலுவலகத்தில் கட்டுரைக்குப் படம் தேடிக் கொடுப்பவர்கள், வரலாற்று நூல்களுக்குப் படப் பக்கம் தயாரிப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். உங்கள் பெயர் அச்சில் வருவதில்லை. நீங்கள் எழுதும் ஒற்றை வரியோ ஒரு முறை அச்சேறிவிட்டால் பிறகு அழிவதே இல்லை. அடுத்தவர் அதை எடுத்துப் போடுவார், அவரிடமிருந்து இன்னொருவர் எடுப்பார், பத்து வருடத்தில் அது வரலாறாகிவிடும். அதனால்தான் கட்டுரை ஆசிரியர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் பிறந்தால், 1942இல் ஜப்பானியர் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய கதை ஏதாவது ஒரு தமிழ் இதழில் வரும். கதை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கூடவே ஒரு படம் இருக்கும்: நீள்வட்ட இறக்கையோடு ஒய்யாரமாகச் சாய்ந்து பறக்கும் ஸ்பிட்ஃபயர். ‘ஜப்பானியரை எதிர்த்த பிரிட்டிஷ் போர் விமானம்’ என்று அடியில் போட்டிருப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஏப்ரலில் ஜப்பானியரை எதிர்க்க இலங்கையில் ஒரு ஸ்பிட்ஃபயர்கூட இல்லை. இந்தியா, பர்மா பக்கத்துச் சண்டை ஸ்குவாட்ரன்களுக்கு ஸ்பிட்ஃபயர் வந்து சேர்ந்ததே 1943இன் பிற்பகுதியில்தான். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் இரத்மலானையிலிருந்து 30ஆம் ஸ்குவாட்ரன் எழுந்தது. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை ஓடுதளமாக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்து 258ஆம் ஸ்குவாட்ரன் எழுந்தது. இரண்டும் ஓட்டியவை ஹரிகேன்கள். கடற்படையின் ஃபுல்மார்களும் கூடவே பறந்தன. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, திருகோணமலைச் சீனக்குடாத் தளத்திலிருந்து எழுந்த 261ஆம் ஸ்குவாட்ரனும் ஹரிகேன் படைதான். அந்த வாரம் இலங்கை வானில் செத்த விமானிகளின் கதைக்கு, அந்த வானில் இல்லவே இல்லாத ஒரு விமானத்தைப் படமாகப் போடுகிறோம்.

‘இதெல்லாம் விமானப் பைத்தியங்களின் கவலை, எல்லாம் இரண்டு இறக்கையும் ஒரு வாலும்தானே’ என்று ஒரு இதழ் நண்பர் சொன்னார். பதிலாக அவருக்கு ஒரு சம்பவம் சொன்னேன். போர் அறிவித்து மூன்றாம் நாள், 1939 செப்டம்பர் 6. எதிரி வருகிறான் என்ற தவறான எச்சரிக்கையில் லண்டனுக்குக் கிழக்கே விமானங்கள் அவசரமாக எழும்பின. 56ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிகேன்களை மெஸ்ஸர்ஷ்மிட்கள் என்று எண்ணி, 74ஆம் ஸ்குவாட்ரனின் ஸ்பிட்ஃபயர்கள் சுட்டன. இரண்டு ஹரிகேன்கள் விழுந்தன. மான்டேகு ஹல்டன்-ஹாரப் என்ற இளம் விமானி இறந்தார். அந்தப் போரில் பலியான முதல் பிரிட்டிஷ் சண்டை விமானி அவர். கொன்றது சொந்தப் படையின் தோட்டா. ‘பார்க்கிங் கிரீக் சண்டை’ என்று கசப்பான கிண்டலோடு அதற்கு ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது.

அதன்பிறகு விமானங்களை அடையாளம் காண்பது பிரிட்டனில் ஒரு தனிப் படிப்பாகவே ஆனது. 1941 தொடக்கத்தில் ‘தி ஏரோபிளேன் ஸ்பாட்டர்’ என்று அதற்கென்றே ஒரு வார இதழ் வந்தது. கறுப்பு நிழலுருக்களை அச்சடித்த சீட்டுக்கட்டுகள், கூரையிலிருந்து தொங்கவிட்ட கறுப்பு மாதிரி விமானங்கள், மாதிரிப் பரீட்சைகள் என்று கண்காணிப்புப் படையினரும் பள்ளிப் பையன்களும் சேர்ந்தே பயின்றார்கள். முதலில் இறக்கை, அடுத்து எஞ்சின், பிறகு உடல், கடைசியில் வால் என்று பார்க்கும் வரிசையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தேர்ந்தவர்களுக்கு அந்த வரிசையே தேவைப்படவில்லை. தெருக்கோடியில் வருகிற சொந்தக்காரரை முகம் தெரிவதற்கு முன்பே நடையை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுகிறோமே, அப்படிச் சொன்னார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மேகத்துக்கு நடுவே சில விநாடி. உங்களுக்கு ஒரு முழு மாலைப்பொழுதும், பெரிதாக்கிப் பார்க்கும் கணினித் திரையும் இருக்கின்றன.

ஹரிகேனையும் ஸ்பிட்ஃபயரையும் பிரிப்பதிலிருந்து தொடங்கலாம். தமிழில் வரும் தவறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இரண்டுக்கும் ஒரே மெர்லின் எஞ்சின், ஒரே விமானப்படை, ஒரே வட்டச் சின்னம். ஆனால் ஹரிகேன் கூன் விழுந்த முதுகுக்காரன். இறக்கை தடித்தது, நுனி உருண்டாலும் ஓரங்கள் நேராகவே போகும். விமானி அறைக்குப் பின்னால் உடல் துணி போர்த்தியது. துணிக்கு அடியிலுள்ள நீள மரச் சட்டங்கள் வரி வரியாகப் புடைத்துத் தெரியும். ஓரளவு கூர்மையான படமாக இருந்தால் இந்த வரிகளே போதும். ஸ்பிட்ஃபயரின் உடல் முழுக்க உலோகத் தகடு, வழவழப்பு. விமானம் தரையில் நிற்கிற படமென்றால் கால்களைப் பாருங்கள். ஹரிகேனின் சக்கரங்கள் அகன்று நிற்கும், மேலே எழுந்ததும் உள்பக்கமாக மடங்கும். ஸ்பிட்ஃபயரின் கால்கள் ஒடுங்கி நிற்கும், வெளிப்பக்கமாக மடங்கும். பக்கவாட்டில் பறக்கிற படமென்றால் வயிற்றைப் பாருங்கள். ஹரிகேனுக்கு நடு வயிற்றில் ஒரு பெரிய ரேடியேட்டர் தொங்கும். ஸ்பிட்ஃபயருக்கு அது இறக்கைக்கு அடியில்.

ஃபுல்மார் கொஞ்சம் ஏமாற்றும். அதற்கும் மெர்லின் மூக்கு, ஹரிகேன் போலவே எட்டுத் துப்பாக்கி. ஆனால் இருவர் உட்காருகிற விமானம் என்பதால் கண்ணாடி மூடி நீளமாக முதுகின் பாதி வரை போகும். இலங்கைத் தாக்குதல் பற்றிய படங்களில் ‘நீண்ட ஹரிகேன்’ ஒன்று தென்பட்டால், அது ஃபுல்மாரா என்று ஒரு தடவை சந்தேகப்படுங்கள்.

டிஃபயன்ட் இன்னும் பெரிய ஏமாற்றுக்காரன். இதில் நம் ஊர்ச் சங்கதி ஒன்று இருக்கிறது. போர்க்காலத்தில் பிரிட்டனுக்கு வெளியிலிருந்து வந்த நன்கொடைகளுக்கு நன்றியாகச் சில ஸ்குவாட்ரன்களுக்கு ஊர்களின், மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். அப்படிச் சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கியது 264ஆம் ஸ்குவாட்ரன். அவர்கள் ஓட்டியது போல்டன் பால் டிஃபயன்ட். எட்ட நின்று பார்த்தால் அசல் ஹரிகேன். கிட்டே போனால் விமானிக்குப் பின்னால் நான்கு துப்பாக்கி பொருத்திய சுழலும் கூண்டு ஒன்று இருக்கும். முன்பக்கம் சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. 1940 மே 29 அன்று டன்கிர்க் கடற்கரைக்கு மேலே அவர்கள் ஒரே நாளில் 37 எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தார்கள். ஜெர்மானியர் அதை ஹரிகேன் என்று நினைத்துப் பின்னாலிருந்து வந்து கூண்டுத் துப்பாக்கிகளின் வாயிலேயே விழுந்தார்கள் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கதை. ஜெர்மன் பதிவேடுகளில் அன்றைய இழப்பு அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட இல்லை. எதிரி சுதாரித்துக்கொண்டு முன்னாலும் கீழேயும் இருந்து வரத் தொடங்கியதும் டிஃபயன்ட்டின் கதை முடிந்தது. ஆகஸ்ட் இறுதியோடு அதைப் பகல் சண்டையிலிருந்து விலக்கி இரவு வேலைக்கு மாற்றினார்கள். வட்டச் சின்னத்துக்கு ஒருபுறம் ‘பி.எஸ்.’ என்ற எழுத்துகளோடு, முதுகில் கூண்டு வைத்த விமானங்கள் வரிசையாகப் பறக்கும் படம் புத்தகங்களில் அடிக்கடி வரும். அவை மெட்ராஸ் பெயர் தாங்கிய படையின் விமானங்கள். சென்னை வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் அந்தப் படத்தைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடுகள். இனி படம் சொல்ல மறுப்பவை. கற்றுக்குட்டி நிலையைத் தாண்டியவர்கள் இங்கேதான் அதிகம் வழுக்குகிறார்கள். ஸ்பிட்ஃபயர் மார்க் 5 என்றால் இறக்கைக்கு அடியில் ஒருபக்கம் பெரிய ரேடியேட்டர், மறுபக்கம் சிறிய எண்ணெய்க் குளிர்விப்பான் என்று ஏறுமாறாக இருக்கும். மார்க் 9க்கு இரு பக்கமும் சமம். நல்லது, படத்தை வைத்தே பிரித்துவிடலாம். ஆனால் மார்க் 9க்கும் மார்க் 16க்கும் உள்ள வேறுபாடு எஞ்சின் மூடிக்கு உள்ளே இருக்கிறது: மார்க் 16இல் இருப்பது அமெரிக்காவின் பாக்கார்ட் நிறுவனம் செய்த மெர்லின். வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது, வரிசை எண் வேண்டும். அமெரிக்க மஸ்டாங்கில் பி-51 பி வகை கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட் தொழிற்சாலையில் செய்தது, பி-51 சி டெக்சஸின் டல்லஸில் செய்தது. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலும் வரிசை எண்ணைப் படிக்காமல் பிரிக்க முடியாது. வாலில் எண் தெரியாத ஒரு படத்துக்கு ஒருவர் ‘பி-51 சி’ என்று அடித்துச் சொன்னால், அவருக்கு விஷயம் தெரியும் என்று மதிப்புக் கொடுக்காதீர்கள். தெரிந்தவர் ‘பி அல்லது சி’ என்று எழுதி நிறுத்திக்கொள்வார்.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளுப்பும் கருமையும் ஃபிலிமின் புத்தியைப் பொறுத்தவை. அன்று பரவலாகப் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சளும் இருண்டுபோகும், நீலம் வெளிறும். பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தைச் சுற்றியிருக்கும் பளிச்சென்ற மஞ்சள் வளையம் அதில் கறுப்பு வளையமாகத் தெரியும். ‘மஞ்சள் வளையம் இல்லை, ஆகவே போருக்கு முந்தைய விமானம்’ என்று அதைப் பார்த்து முடிவு கட்டியவர்கள் இருக்கிறார்கள். வேறு சாயலில் இப்போது இன்னொரு வம்பும் சேர்ந்திருக்கிறது. கணினியில் வண்ணம் பூசிய பழைய படங்கள் வந்து குவிகின்றன. அவற்றிலுள்ள நிறம் யாரோ ஒருவரின், அல்லது ஏதோ ஒரு நிரலின் ஊகம். அதைச் சான்றாக எடுக்கவே கூடாது. கறுப்பு வெள்ளை மூலத்தைத் தேடிப் பிடியுங்கள்.

சரியாகப் படித்தால் சின்னங்கள் நாள்காட்டி மாதிரி உதவும். அமெரிக்க விமானங்களின் நட்சத்திரத்துக்கு நடுவே முன்பு ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்புகிறது என்று 1942 மே மாதம் அதை எடுக்கச் சொன்னார்கள். 1943 ஜூன் இறுதியில் நட்சத்திரத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டைகள் சேர்ந்தன, சுற்றிச் சிவப்பு விளிம்போடு. சில மாதத்திலேயே அந்த விளிம்பும் நீலமானது, காரணம் அதே பயம். தென்கிழக்கு ஆசியாவில் பிரிட்டிஷாருக்கும் அதே தலைவலி. தங்கள் வட்டச் சின்னத்திலிருந்த சிவப்பை அவர்கள் அறவே எடுத்துவிட்டு, கருநீல வட்டத்துக்குள் சிறிய வெளிர்நீலப் பொட்டு என்று மாற்றிக்கொண்டார்கள். நமக்கு இது கைகொடுக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருண்ட வட்டத்துக்கு நடுவே வெளிறிய சிறு பொட்டு தெரிந்தால், அது 1942 ஏப்ரல் இலங்கைப் படம் அல்ல. அப்போது சிவப்பு இன்னும் இருந்தது. அது பிந்தைய பர்மாப் போர்க்களத்துப் படமாகவோ, பிந்தைய இலங்கைப் படமாகவோ இருக்கலாம். இம்பாலில் பறந்த இந்திய விமானப்படை ஹரிகேன்களை ஈஸ்டர் ஞாயிறு ஹரிகேன்களாக்கும் தவறு இந்த ஒரு பொட்டைக் கவனித்தாலே நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஒற்றை அடையாளத்தை மட்டும் வைத்து நாள் குறிக்க வேண்டாம். இறக்கைக்கு அடியில் கறுப்பு வெள்ளைப் பட்டை தெரிந்தால் உடனே ‘நார்மண்டி, 1944 ஜூன்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கடல் தாண்டிய படையிறக்கத்துக்காக நேச நாட்டு விமானங்களுக்குப் பட்டை பூசியது உண்மைதான். ஆனால் ஹாக்கர் டைஃபூன் விமானத்துக்கு 1942 இறுதியிலேயே பட்டை பூசிவிட்டார்கள். தூரத்தில் அது ஜெர்மானியரின் ஃபோக்க-வூல்ஃப் 190 போலத் தெரிந்து, சொந்தப் பீரங்கிகளே அதைச் சுட்டுக்கொண்டிருந்தன. பட்டையை மட்டும் பார்த்தால் ஒன்றரை வருடம் பிசகிவிடும்.

சுறா வாயும் அப்படித்தான். மூக்கில் பல் வரைந்த பி-40 எதைக் கண்டாலும் ‘சீனாவில் பறக்கும் புலிகள்’ என்று எழுதுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தப் பற்களை முதலில் பி-40இல் வரைந்தது வட ஆப்பிரிக்காவிலிருந்த பிரிட்டிஷாரின் 112ஆம் ஸ்குவாட்ரன். அமெரிக்கத் தன்னார்வப் படையான அந்தப் புலிகள் அதை ஒரு பத்திரிகைப் படத்தில் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். 112க்கும் முன்னாலேயே ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 110 படை ஒன்று அதைப் போட்டுக்கொண்டிருந்தது. பின்னணியில் பாலைவனம் இருக்கிறதா, வட்டச் சின்னம் யாருடையது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிடும் தவறு நீங்கள் நினைப்பதைவிட அதிகம். வட்டச் சின்னம் திருப்பினாலும் வட்டமாகவே இருப்பதால் கண்ணில் படாது. எழுத்துகளும் எண்களும் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் தணிக்கைக்காரர்கள் ஸ்குவாட்ரன் எழுத்துகளையும் ரேடார் கம்பிகளையும் தூரிகையால் அழித்துவிடுவார்கள். அப்போது விமானத்தின் உடலைத்தான் கேட்க வேண்டும். ஸ்பிட்ஃபயரில் விமானி ஏறும் சிறு கதவு இடப்பக்கம் மட்டும் உண்டு. மார்க் 5இன் பெரிய ரேடியேட்டர் வலது இறக்கைக்கு அடியில். இவை இடம் மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது. கப்பல் தெரிகிற படத்தில் இன்னும் கவனம் வேண்டும். விமானந்தாங்கிக் கப்பல்களின் கட்டளைக் கோபுரம் வழக்கமாக வலப்பக்கம் இருக்கும். ஜப்பானியரின் அகாகி, ஹிர்யு இரண்டுக்கும் மட்டும் இடப்பக்கம். இடப்பக்கக் கோபுரம் தெரிந்தால் இரண்டே வழி: ஒன்று படம் திரும்பியிருக்கிறது, இல்லையென்றால் கையில் இருப்பது இந்த இரண்டு கப்பல்களில் ஒன்று. இலங்கையைத் தாக்க வந்த ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களில் இந்த இரண்டும் இருந்தன. சோர்யு, ஷோகாகு, சுய்காகு மற்ற மூன்று. பேர்ல் துறைமுகத் தாக்குதலில் கூட இருந்த காகா இந்தப் பயணத்துக்கு வரவில்லை. ஆகவே வாலில் காகாவின் குறியீடு தெரியும் ஜீரோ விமானத்தின் படத்தைக் கொழும்புக் கட்டுரைக்கு எடுக்கக் கூடாது.

ஜீரோ என்று சொல்லும்போதே ஒரு பெருமூச்சு வருகிறது. ஜப்பானிய விமானம் எல்லாமே ஜீரோ என்ற மயக்கம் நம் ஊரில் தொடங்கியது அல்ல, அன்று சண்டையிட்டவர்களிடமே இருந்தது. ரங்கூன் வானில் பறக்கும் புலிகள் ‘ஜீரோ’ என்று எழுதிவைத்தவை பெரும்பாலும் ஜப்பானிய இராணுவத்தின் நகாஜிமா விமானங்கள். ஜீரோவோ கடற்படையுடையது. நகாஜிமா கி-43க்கும் ஜீரோவுக்கும் மூக்கு ஒன்றுபோல இருக்கும். ஜீரோவின் இறக்கைகளில் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் உண்டு, கி-43இன் இறக்கையில் துப்பாக்கியே கிடையாது. ஜீரோவின் கண்ணாடி மூடி நீளம், சட்டங்கள் அதிகம். சக்கரம் மடங்காமல் காலுக்கு உறை போட்டுத் தொங்கினால் அது ஜீரோவே அல்ல, பெரும்பாலும் ஐச்சி குண்டுவீச்சு விமானம். மட்டக்களப்புக்கு அப்பால் ஏப்ரல் 9 அன்று ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தவை அவைதான். ‘ஜீரோ விமானங்கள் குண்டு வீசி ஹெர்மிஸை மூழ்கடித்தன’ என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

ஜப்பானியப் பெயர்களின் குழப்பத்தைத் தீர்க்க நேச நாட்டார் 1942இல் சண்டை விமானத்துக்கு ஆண் பெயர், குண்டுவீச்சு விமானத்துக்குப் பெண் பெயர் என்று வைக்கத் தொடங்கினார்கள். ஜீரோவுக்கு ஸீக், கி-43க்கு ஆஸ்கார், ஐச்சிக்கு ‘வால்’ (Val). அதற்குள் இறக்கை நுனி சதுரமாக வெட்டிய புதிய விமானம் ஒன்று தென்பட்டது. அதற்கு ஹாப் என்று பேர் வைத்தார்கள். அமெரிக்க வான்படைத் தலைவர் ஜெனரல் ஆர்னால்டின் செல்லப் பெயரும் ஹாப். பிறகு அவசரமாக அதை ஹாம்ப் என்று மாற்றினார்கள். கடைசியில் அது புதிய விமானமே இல்லை, மடங்கும் நுனிகளை எடுத்து இறக்கையை 12 மீட்டரிலிருந்து 11 மீட்டராகக் குறைத்த அதே ஜீரோ என்று தெரிந்தது. தொழில்முறை உளவுப் படையே நுனியைப் பார்த்து ஏமாந்த காலம் அது.

வேண்டுமென்றே ஏமாற்றியதும் உண்டு. படக்குறிப்பு எழுதுகிறவர்கள் அவசியம் தெரிந்திருக்க வேண்டிய கதை ஹைன்கல் 113. ஹைன்கல் நிறுவனம் ‘ஹைன்கல் 100’ என்று ஒரு சண்டை விமானம் செய்தது. 1939 மார்ச்சில் அது மணிக்கு 746 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து உலகச் சாதனை படைத்தது. ஆனாலும் ஜெர்மன் வான்படை அதை எடுத்துக்கொள்ளவில்லை. சில விமானங்கள் சோவியத்துக்கும் ஜப்பானுக்கும் விலை போயின. மிச்சமிருந்தவை ஒரு கைப்பிடி. 1940இல் கோயபெல்சின் பிரச்சார ஆட்கள் அந்தக் கைப்பிடி விமானங்களுக்கு ஒரு நாள் ஒரு படையின் சின்னம், மறுநாள் இன்னொரு படையின் சின்னம் என்று மாற்றி மாற்றிப் பூசி, வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். ‘ஹைன்கல் 113, புதிய சண்டை விமானம், படையில் சேர்ந்துவிட்டது’ என்று பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். பிரிட்டிஷாரின் அடையாளக் கையேடுகளில் அது ஏறிவிட்டது. அதைப் படித்த விமானிகள் வானில் அதைப் பார்க்கவும் தொடங்கினார்கள்! பிரிட்டன் வான்போரின் சண்டை அறிக்கைகளில் ‘ஹைன்கல் 113ஐச் சுட்டேன்’ என்று நேர்மையான வீரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். படையிலேயே இல்லாத விமானம். அவர்கள் சுட்டது மெஸ்ஸர்ஷ்மிட் 109ஆகத்தான் இருக்கும்.

இந்தக் கதையில் புகைப்படம் போலி அல்ல. விமானமும் நிஜம், சின்னத்தின் பூச்சும் நிஜம். பொய் முழுக்கப் படக்குறிப்பில் இருந்தது. ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் போர்க்காலப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பிரச்சாரப் படையினர் அன்று எழுதிய மூலக் குறிப்பை அந்தக் காப்பகம் பெரும்பாலும் அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறது. அது பிழையாகவோ ஒருதலைப்பட்சமாகவோ இருக்கலாம் என்று கூடவே எச்சரிக்கையும் போட்டிருக்கிறது. நாமும் அந்த முறையைப் பின்பற்ற வேண்டும் என்பது என் கருத்து. பழைய குறிப்பு தவறு என்று தெரிந்தாலும் அடித்து அழிக்காதீர்கள். அது என்ன பொய், யார் சொன்ன பொய் என்பதும் வரலாறுதான். அதற்குக் கீழே உங்கள் திருத்தத்தைத் தனியாக எழுதுங்கள்.

சினிமாப் படங்கள் இன்னொரு தொல்லை. 1969இல் வந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்துக்கு ஸ்பெயின் விமானப்படையிடமிருந்து விமானங்களை வாங்கி மெஸ்ஸர்ஷ்மிட் 109 வேடம் போட்டார்கள். ஸ்பானியர் அந்த ஜெர்மன் உடலுக்குள் பொருத்தியிருந்ததோ ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின். ஆகவே கண்டுபிடிப்பது எளிது. அசல் 109இன் எஞ்சின் தலைகீழாகப் பொருத்தியது, புகைக் குழாய்கள் மூக்கின் கீழ்ப்பகுதியில் வரிசையாக இருக்கும். வேடம் போட்டதில் அவை மேலே இருக்கும். மறுவருடம் வந்த ‘டோரா! டோரா! டோரா!’வில் அமெரிக்கப் பயிற்சி விமானங்களைத் திருத்தி ஜீரோ ஆக்கினார்கள். அந்தப் படக் காட்சிகளை வண்ணத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கி, ‘பேர்ல் துறைமுகம், 1941’ என்று உங்களிடம் கொண்டுவருவார்கள். எடுத்தவரும் தேதியும் இல்லாமல், சண்டையின் உச்சகட்டம் கச்சிதமாகச் சட்டத்துக்குள் வந்து விழுந்திருக்கிற படம் எதுவானாலும் ஒரு முறை நின்று யோசியுங்கள். முதல் உலகப் போரின் வான்சண்டைப் படங்கள் என்று 1930களில் பரபரப்பாக விற்றவை, மாதிரி விமானங்களைத் தொங்கவிட்டு எடுத்தவை என்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வாளர்கள் 1984இல்தான் வெளிப்படுத்தினார்கள். அரை நூற்றாண்டு அவை புத்தகம் புத்தகமாக ஏறி இறங்கின.

சரி, குறிப்பை எப்படி எழுதச் சொல்கிறேன்? ‘ஹரிகேன், இரத்மலானை, 1942’ என்று எழுதினால் மூன்று தனித்தனிக் கூற்றுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறீர்கள். விமான வகை படத்தில் தெரிகிறது. இடம் எதிலிருந்து தெரிந்தது? வருடம் எதிலிருந்து? ‘ஹரிகேன்: துணி போர்த்திய பின் உடல், நடு வயிற்றில் ரேடியேட்டர். இடம் இரத்மலானை என்று படத்தின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கிறது, வேறு ஆதாரம் இல்லை. வருடம் தெரியவில்லை, சின்னத்தில் சிவப்பு நடு இருப்பதால் பிந்தைய போர் ஆண்டுகள் அல்ல’ என்று எழுதினால் நாளை வருகிறவர் உங்களோடு வாதாட முடியும், திருத்தவும் முடியும். காரணம் சொல்லாத பெயரை அவரால் நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பத்திரிகையில் இத்தனை வரிக்கு இடம் இருக்காது, எனக்கும் தெரியும். அச்சில் ஒரு வரி போடுங்கள். அலுவலகக் கோப்பில் முழுவதையும் வையுங்கள்.

வகை தெரியாவிட்டால் ‘ஒற்றை எஞ்சின் சண்டை விமானம், வகை உறுதியாகவில்லை’ என்று எழுத வெட்கப்படாதீர்கள். உங்கள் மேலதிகாரி முகம் சுளிப்பார், ‘ஏதாவது ஒரு பேர் போடுப்பா’ என்பார். அவருக்கு இந்த மடலைக் காட்டுங்கள்.

படத்தை வெட்டுவதற்கு முன் மூலத்தை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பக்க வடிவமைப்பாளர் அழகுக்காக ஓரத்தை வெட்டும்போது போவது பெரும்பாலும் வாலின் எண்ணோ, பின்னால் நிற்கிற கொட்டகையோ, தென்னை வரிசையோதான். இடத்தைக் கண்டுபிடிக்க அவைதான் உதவும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். முத்திரை, தணிக்கைக் குறி, ஸ்டூடியோ பெயர், மங்கிய பென்சில் கிறுக்கல் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

திருகோணமலையிலும் கொழும்பிலும் தளங்களில் வேலை பார்த்த குடும்பங்களின் வீடுகளில் இன்னும் ஆல்பங்கள் இருக்கும். தாத்தா பட்டறையில் ஃபிட்டராக இருந்தார், குமாஸ்தாவாக இருந்தார் என்று யாராவது ஒரு ஆல்பத்தை உங்களிடம் கொண்டுவந்தால், விமானப் படத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பக்கம் பக்கமாக, ஒட்டியிருக்கிற வரிசையிலேயே எடுங்கள், கல்யாணப் படங்களோடு சேர்த்து. முன்பக்கம் 1943 பொங்கல், பின்பக்கம் 1944 மகள் பிறந்த நாள் என்று எழுதியிருந்தால், நடுவில் ஒட்டிய ஹரிகேனுக்கு நாள் குறிக்க அது உதவும். ஆல்பத்தைக் கொண்டுவந்தவரிடம் அந்தத் தாத்தா எந்தத் தளத்தில், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை வேலை பார்த்தார் என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, சொன்ன தேதியையும் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் படக்குறிப்புகளை விடாமல் படிக்கும் ஒரு வாசகன்